பேட்ச் எண்

கல்மண்டபம் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில்
டயர் கடைக்கு மேலே என் ஆபீஸ்.
ரப்பர் நாற்றத்தில் உட்கார்ந்துதான்
ஓர் அரிசிக்குப் பெயர் தேடினேன்.

சாதிக் பாய் எழுதித் தந்த தாளில்
மண் இருந்தது, வேர் இருந்தது,
தாய் இரண்டு தடவை இருந்தாள்.
எல்லாவற்றையும் யாரோ
முன்பே பதிவு செய்துவிட்டார்கள்.
மண்ணடியில் அவர் வீட்டில் சாப்பிடும்போது
மகள் நிலோஃபர் தட்டை நீட்டி
"இன்னும் கொஞ்சம்" என்றாள்.
பாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
அவளுக்குச் சோறு போட மறந்துவிட்டோம்.

"விவசாயிக்கும் வாங்கறவங்களுக்கும் நடுவுல
பாலம் மாதிரி இருக்கணும் தம்பி.
ஒரு விவசாயி படம் போடு.
சிரிக்கிற மாதிரி."

முன்னூறு ரூபாய்க்கு ஒருவர் கிடைத்தார்.
தலைப்பாகை, குறையில்லாத பல்வரிசை,
முதுகுக்குப் பின்னால் கோதுமை.
கோதுமைக்காரரை வெட்டி எடுத்து
நெல்லில் நட்டுப் பார்த்தேன்.
காதோரத்தில் மஞ்சள் போகவே இல்லை.

அதனால் கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினேன்.
எண்ணூரில் ஜன்னல் கம்பியெல்லாம் சாம்பல்.
பொன்னேரியில் இறங்கி ஷேர் ஆட்டோ, பிறகு நடை.

தேசம்மாள் வரப்பில் நின்றார்.
இருபத்தெட்டு படம் எடுத்தேன்.
"இன்னாத்துக்குச் சிரிக்கணும்?
போன போகத்துத் துட்டே பாதி நிக்குது
உங்க பாய் கிட்ட."
பிறகு, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே:
"என் மூஞ்சிய அவங்க வூட்டு அடுப்பாண்ட வெப்பீங்க.
துன்றவங்க மூஞ்சிய
எனக்கு எதுல ஒட்டித் தருவே?"

என் கம்ப்யூட்டரில் அதற்கு லேயர் இல்லை.
"அவங்க உங்களுக்குப் போன் பண்ணலாம்" என்றேன்.
"பண்ணட்டும்" என்று
பத்து எண்ணையும் சொன்னார்,
நடுவில் ஒரு தடவை திருத்தி.

பாய் புரூஃபைப் பார்த்தார்.
சிரிக்காத முகத்தைச் சகித்துக்கொண்டார்.
நம்பரைச் சிவப்புப் பேனாவால் அடித்தார்.
"நம்பர் குடுத்தா ரேட் பேசுவாங்க.
ரேட் பேசினா நான் எதுக்கு?"
நியாயமான கேள்விதான்.
அவரிடம் வாங்கித்தான்
நானும் வாடகை கட்டுகிறேன்.

அச்சகத்தில் தகடு போடும்போது
பேட்ச் எண் என்ன என்று எத்திராஜ் கேட்டான்.
அந்தக் கட்டம் காலியாக இருந்தது.
காலாவதி தேதிக்கு மேலே,
ஆறு பாயிண்ட் எழுத்தில்,
பத்து இலக்கத்துக்கு இடம்.
சொன்னேன்.
எத்திராஜ் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு
அடித்துக்கொண்டான்.

இரண்டு மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை.
வியாசர்பாடியில் எஸ்தர் என்பவர்
சோற்றில் கல்லைக் கடித்த மத்தியானம்
பொட்டலத்தைப் புரட்டிப் புரட்டி
புகார் எண் என்று நினைத்து
அதை அழுத்தினார்.

"கல்லு என்னுது இல்லம்மா, மில்லுக்காரனுது.
என் கழனியில களிமண்ணு தான்.
பல்லு இன்னா ஆச்சு?"

அரை மணி நேரம் பேசினார்களாம்.
தேசம்மாள் போனில் எஸ்தரின் பெயர்
'கல்லு'.

டிசம்பர் மழையில்
கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிய ராத்திரி
அந்தப் பக்கம் பால் பிடித்த கதிர் படுத்துவிட்டது.
"உன் தெருவுல தண்ணி ஏறிச்சா?" என்று
யார் முதலில் அழைத்தார்கள் என்பதை மட்டும்
இரண்டு பேரும் வேறு வேறாகச் சொல்கிறார்கள்.
எஸ்தர் வீட்டில் முழங்கால் வரை.
தேசம்மாளுக்கு ஒன்றே கால் ஏக்கர்.

ஜனவரியில் மறுபடி அச்சடிக்க
பாய் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி
பொட்டலத்தின் பின்பக்கத்தை
மூக்கருகே பிடித்தார்.
"எல்லா மாசமும் பேட்ச் நம்பர்
ஒண்ணாவே இருக்கே தம்பி?"

கீழே ஒரு லாரி டயருக்குக்
காற்று ஏறிக்கொண்டிருந்தது.
அது நிற்கட்டும் என்று கையைக் காட்டினேன்.
பெரிய டயர்.